ஒரே நோட்டு, ரெண்டு பேனா – எம்.டபிள்யூ. யாருக்கும் வேணாங்க

பொட்டி தட்டுற பதிவர்கள் இங்க நிறைய பேர் இருக்கீங்க. ஆனா மெயின்பிரேம்ல பொட்டி தட்டுறவங்க ரொம்பக் கம்மி. "அதெல்லாம் இன்னுமா இருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில்தான். இருக்கு. எனக்குச் சோறு போடுறதே அதுதான். :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். பாதியில எஸ்கேப் ஆகுறவங்களுக்கும் மேட்டர் போய்ச் சேரணும் இல்லையா. இசட்/விஎம் ஓடுற மெயின்பிரேம்ல ஒரு டிஸ்க்கைப் பல விர்ச்சுவல் மெஷின்கள் பகிர்ந்துக்கலாம். அப்படிப் பகிரும்போது, "வேற யார் எழுதிக்கிட்டிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை, எனக்கும் எழுத வழி விடு"ன்னு கேக்குறதுக்கு ஒரு மோட் இருக்கு. பேரு எம்.டபிள்யூ., அதாவது மல்டிபிள் ரைட். மனுசங்க உக்காந்து லாகின் பண்ணுற எந்த ஐடிக்கும் இந்த அனுமதி இருக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. அந்த அனுமதியை அள்ளிக் குடுத்துட்டு, டிஸ்க் நாசமான அப்புறம் எழுதினவன் தலையில பழியைக் கட்டுறது அநியாயம்ங்கிறதும் என் கட்சிதான்.

இது ஏதோ அரதப்பழசான பொட்டியோட பிரச்சினை, நமக்கென்னன்னு கிளவுட் மக்கள் நகர்ந்துடாதீங்க. கடைசியில உங்களுக்கும் ஆப்பு இருக்கு.

பட்டாவும் பிளாட்டும்

விர்ச்சுவல் மெஷின்ங்கிறது விஎம்வேர் கண்டுபிடிச்சதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. விஎம்வேர் கம்பெனி தொடங்கினது 1998ல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ்ல ஐபிஎம்முக்கு ஒரு சயின்டிஃபிக் சென்டர் இருந்துச்சு. அங்க ராபர்ட் கிரீஸியும் லெஸ் கோமோவும் 1964 கடைசியிலயே சிபி-40ன்னு ஒரு வேலையை ஆரம்பிச்சிட்டாங்க. அது சிபி-67 ஆச்சு. 1972 ஆகஸ்ட்ல விஎம்/370ங்கிற பேர்ல ஐபிஎம் அதை அறிவிச்சது. அதோட பேரப்புள்ளதான் இன்னிக்கு ஓடுற இசட்/விஎம்.

இதுல சிபின்னு ஒரு பெரியவர் இருக்கார். கன்ட்ரோல் ப்ரோக்ராம். நிஜ மெஷினை வச்சு ஆளாளுக்கு ஒரு பொய் மெஷின் செஞ்சு குடுக்குறது இவர் வேலை. அந்தப் பொய் மெஷினுக்குள்ள நீங்க லினக்ஸ் ஓட்டலாம், இசட்/ஓஎஸ் ஓட்டலாம், இல்ல ஒரே ஒருத்தர் மட்டும் உக்காந்து வேலை பாக்குற சிஎம்எஸ் ஓட்டலாம்.

மெஷினைப் பிரிச்ச மாதிரி டிஸ்க்கையும் பிரிக்கணும். 3390 மாடல் 3ன்னு ஒரு டிஸ்க் எடுத்துக்கிட்டா 3,339 சிலிண்டர், கிட்டத்தட்ட 2.8 ஜிகாபைட். (இப்போ அசல் 3390 எங்கயும் சுத்துறது இல்லை. ஸ்டோரேஜ் பெட்டி 3390 மாதிரி வேஷம் கட்டுது.) முழு டிஸ்க்கையும் ஒரே ஆளுக்குக் குடுக்க முடியாது. அதனால ஒரு பெரிய நிலத்தை பிளாட் போட்டு விக்கிற மாதிரி, இங்கேருந்து இத்தனை சிலிண்டர் உனக்கு, அடுத்த இத்தனை அவனுக்குன்னு பிரிக்கிறாங்க. ஒவ்வொரு பிளாட்டுக்கும் பேரு மினிடிஸ்க். எந்த பிளாட் யாருக்குங்கிறது யூசர் டைரக்டரியில இருக்கும். அதுதான் பட்டா. பக்கத்து பிளாட்காரன் டிஸ்க் உங்களுக்கு வேணும்னா லிங்க்னு ஒரு கமாண்ட் போட்டுக் கேக்கணும்.

இந்தப் பகிர்வு அருமையான ஏற்பாடு. சிஎம்எஸ் சிஸ்டம் டிஸ்க் 190ன்னு ஒண்ணு. ஆயிரம் பேர் லாகின் பண்ணினாலும் காப்பி ஒண்ணுதான், ஆயிரம் பேரும் அதையே படிக்கிறாங்க. படிக்க மட்டும். டிஸ்க் தங்க விலை வித்த காலத்துல யோசிச்சது, இன்னிக்கும் ஜம்முனு ஓடுது. ஒருத்தர் எழுதி ஆயிரம் பேர் படிச்சா தொல்லையே இல்லை. எழுதுறவன் ரெண்டு பேரா ஆகும்போதுதான் வில்லங்கம் ஆரம்பம்.

எழுத்து ஒண்ணு ரெண்டுதான், அர்த்தம் தலைகீழ்

லிங்க் போடும்போது என்ன மோட் வேணும்னு சொல்லணும். முக்கியமானது ஏழு:

ஆர் – படிக்கணும். ஆனா இப்போ யாராவது எழுதிக்கிட்டிருந்தா வேணாம்.
ஆர்.ஆர். – யார் எழுதினாலும் சரி, நான் படிக்கணும்.
டபிள்யூ – எழுதணும். வேற யாருமே, படிக்கிறவங்க கூட, இருக்கக் கூடாது.
டபிள்யூ.ஆர். – டபிள்யூ மாதிரியே. கிடைக்கலேன்னா படிக்கவாவது குடு.
எம் – எழுதணும். படிக்கிறவங்க இருக்கலாம், எழுதுறவன் இன்னொருத்தன் இருந்தா வேணாம்.
எம்.ஆர். – எம் மாதிரியே. கிடைக்கலேன்னா படிக்கவாவது குடு.
எம்.டபிள்யூ. – எவன் இருந்தா எனக்கென்ன, எழுத விடு.

முதல் ஆறையும் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒரு வகையில அடுத்தவன் இருக்கானான்னு ஒரு யோசனை இருக்கு. ஆர்.ஆர். கூட, "எழுதுறவன் இருக்கலாம், தெரிஞ்சேதான் படிக்கிறேன்"னு ஒத்துக்குது. எம்.டபிள்யூ. ஒண்ணுதான் அடுத்தவனைப் பத்தி கேள்வியே கேக்காம பேனாவைக் கையில குடுக்குது.

இதுல இன்னொரு உள்குத்து இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறது இல்லை. நீங்க ரொம்ப ஒழுங்கான ஆளு, எம் போட்டு வாங்குறீங்க. "அப்பாடா, நான் மட்டும்தான் எழுதுறேன்"னு நிம்மதியா உக்காந்திருக்கீங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு ஒருத்தர் எம்.டபிள்யூ. போட்டு வர்றார். சிபி அவருக்கும் கதவைத் திறந்து விட்டுடும். அதாவது எம்.டபிள்யூ.ங்கிறது அவருக்குக் கிடைச்ச சலுகை மட்டும் இல்லை. உங்களுக்கு எம் குடுத்த உத்தரவாதத்தை உங்களைக் கேக்காமலே ரத்து பண்ற அதிகாரம். ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஒருத்தர்கிட்ட எம்.டபிள்யூ. இருந்தாலும், அந்த டிஸ்க்கைத் தொடுற மத்த எல்லாரோட ஒழுக்கமும் வீண்.

(எஸ்.எம்., ஈ.டபிள்யூ. மாதிரி கெட்டியான மோட்களும் இருக்கு. நான் பிடிச்சிருக்கிற வரைக்கும் வேற எவனுக்கும் குடுக்காதேன்னு சொல்றது. அதுக்கு டைரக்டரியில தனி ஆப்ஷன் வேணும். சாதா ஐடிக்கெல்லாம் கிடைக்காது. வேடிக்கை என்னன்னா, டிஸ்க்கைப் பத்திரமா பூட்டி வச்சுக்க தனி அனுமதி கேக்குறோம், பூட்டை உடைக்கிற எம்.டபிள்யூ.வை சர்வசாதாரணமா குடுத்துடறோம்.)

சிபி வாசல் காவல்காரர்தான்

"அதான் சிபி இருக்கே, அது பாத்துக்காதா?"ன்னு கேப்பீங்க. சிபி வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரி. யார் உள்ள வரலாம்னு பாக்கும். உள்ள போனவங்க எந்த நோட்டுல எந்தப் பக்கத்துல கிறுக்குறாங்கன்னு அதுக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சிலிண்டர், டிராக். ஃபைல்ங்கிற சங்கதி சிஎம்எஸ்ஸுக்குத்தான் தெரியும்.

சிஎம்எஸ்ஸோ தனிக்குடித்தனம் பண்ற ஆளு. ஆக்சஸ்னு கமாண்ட் போட்டதும் டிஸ்க்குல இருக்கிற ஃபைல் பட்டியலையும், எந்த பிளாக் காலி எந்த பிளாக்ல ஆள் இருக்குங்கிற கணக்கையும் தன்னோட மெமரிக்கு எடுத்துக்கும். அதுக்கப்புறம் தன் கையில இருக்கிற கணக்குதான் அதுக்கு வேதம். பக்கத்து மெஷின்ல இருக்கிற சிஎம்எஸ் அதே டிஸ்க்கோட கணக்கை மாத்தினா இதுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க முயற்சியும் பண்ணாது. ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே கிடையாது.

மளிகைக் கடையை நினைச்சுக்கோங்க. ஒரு கணக்கு நோட்டு, ரெண்டு கணக்குப்பிள்ளை. காலையில வந்ததும் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுத் தனித்தனி ரூம்ல உக்காந்துடறாங்க. ரெண்டு ஜெராக்ஸ்லயும் 41ம் பக்கம் காலி. ஒருத்தர் அசல் நோட்டுல 41ம் பக்கத்துல அரிசி மண்டி பாக்கியை எழுதிட்டுப் போறார். அடுத்தவர் தன் ஜெராக்ஸைப் பாத்துட்டு, "41 காலிதானே"ன்னு அதே பக்கத்துல எண்ணெய் கணக்கை எழுதுறார். அப்புறம் தன்னோட பொருளடக்கத்தைக் கொண்டு வந்து நோட்டு முன்னாடி ஒட்டுறார். முன்னவர் ஒட்டினது அடியில போயிடுச்சு. ரெண்டு பேரும் நேர்மையானவங்க. ரெண்டு பேரும் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. ஆனா கடை திவால்.

சிஎம்எஸ்ஸைக் குறையும் சொல்ல முடியாது. தனி ஆளா எழுதும்போது அது கில்லாடி. புது பட்டியலை வேற இடத்துல எழுதிட்டு, கடைசியாத்தான் "இனிமே இதைப் பாரு"ன்னு சுட்டியை மாத்தும். நடுவுல மெஷின் செத்தாலும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். மெஷின் சாகும்னு அதை எழுதினவங்க யோசிச்சாங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேர் எழுதுவாங்கன்னு அந்த ஃபைல் சிஸ்டத்துல யோசிக்கவே இல்லை. யோசிக்கலைங்கிறதை ஐபிஎம் ஒளிச்சு வைக்கவும் இல்லை, மேனுவல்லயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. மேனுவல் யார் படிக்கிறா!

ஒரு கொசுவத்தி

வேலை பாத்த ஒரு இடத்துல நடந்தது. பேரு ஊரு வேணாம்.

ராத்திரி வேலைகளை ஆரம்பிக்கிற ரெக்ஸ் ஸ்கிரிப்ட்டுகள் எல்லாம் ஒரு பொது மினிடிஸ்க்ல இருந்துச்சு. டீம்ல எல்லாரோட ப்ரொஃபைல் எக்ஸெக்லயும் அந்த டிஸ்க்கை லிங்க் பண்ற வரி இருக்கும். மோட் எம்.டபிள்யூ. லாகின் பண்ணினாலே எழுதுற உரிமையோடதான் உள்ள வருவாங்க. பாதிப் பேருக்கு அந்த வரி அங்க இருக்கிறதே தெரியாது.

ஒரு நாள் ராத்திரி, சேர்ந்து மூணு மாசம் ஆன தம்பி ஒருத்தன், கேட்டுக்கிட்டபடி ஒரு ஸ்கிரிப்ட்டைத் திருத்தி சேவ் பண்ணினான். வேற டீம் சீனியர் ஒருத்தர் சாயந்திரத்துலேருந்தே லாகின்ல இருந்தார். அவர் மெமரியில இருந்தது சாயந்திரக் கணக்கு. அவர் ஒரு பட்டியல் ஃபைலை மாத்தி சேவ் பண்ணினார். அந்தக் கணக்குப்படி தம்பி எழுதின பிளாக்கெல்லாம் காலி இடம், அதனால அதுங்க மேலயே எழுதிட்டார். தம்பி திரும்ப இன்னொரு சின்ன திருத்தம், இன்னொரு சேவ். இப்போ டிஸ்க்ல இருக்கிறது தம்பியோட பட்டியல், ஆனா அது சுட்டுற சில பிளாக்ல இருக்கிறது சீனியரோட சரக்கு.

யாருக்கும் ஒரு எர்ரர் கூட வரலை. ரெண்டு பேருக்கும் ரெடின்னு பதில் வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை ஓட ஆரம்பிச்சப்போ ஒரு ரெக்ஸ் ஸ்கிரிப்ட்டோட நட்ட நடுவுல யாரோட பட்டியலோ இருபது வரி உக்காந்திருந்துச்சு. முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. வேற சில ஃபைல் பட்டியல்லயே இல்லை. போன வார பேக்கப்லேருந்து டிஸ்க்கை மீட்டு, நடுவுல நடந்த திருத்தங்களை ஒவ்வொருத்தரா கேட்டுத் திரும்பப் போட்டு, காலையில போக வேண்டிய ரிப்போர்ட் மத்தியானம் போச்சு. எனக்கு அன்னிக்கு ராத்திரி ஷிப்ட் இல்லை. காலையில வந்து ரத்தக்கறையைத் தேடுற வேலை என் தலையில விழுந்துச்சு. அதனாலதான் யார் எப்போ எழுதினாங்கங்கிற கதை எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு காரணம் எழுதின டாக்குமென்ட் வந்துச்சு. "மூல காரணம்: மனிதத் தவறு." கீழே தம்பி பேரு மட்டும். சீனியர் பேரு இல்லை. எம்.டபிள்யூ.ங்கிற ரெண்டு எழுத்து அந்த டாக்குமென்ட்ல எங்கயுமே இல்லை. டேமேஜர்கிட்ட போய் நான் எழுதிக் குடுத்ததைக் காட்டினேன். "டெக்னிக்கலா நீங்க சொல்றது சரி, ஆனா கிளையன்ட்டுக்குப் போயிடுச்சு"ன்னார். கொஞ்ச நாள்ல தம்பி வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிட்டான். அவன் கடைசியா என்கிட்ட கேட்டது: "அண்ணே, நான் என்ன பண்ணியிருக்கணும்?" அவன் பண்ணியிருக்க வேண்டியது எதுவுமே இல்லைங்க. சிஸ்டம் குடுத்த உரிமையோட, சொன்ன ஃபைலைத் திறந்து, சொன்னதை மாத்தி, மூடினான். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து நியாயம்

எம்.டபிள்யூ. ஏன் வந்துச்சுன்னு ஒரு பழைய அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சொன்னதையும் சொல்லணும், இல்லேன்னா ஒருதலைப்பட்சம்.

"முன்னாடி எம்தான் தம்பி இருந்துச்சு. எவனாவது எழுதுறதுக்கு எடுத்துட்டு, டிஸ்கனெக்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவான். அவன் மெஷின் லிங்க்கைப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கும். நடுராத்திரி அவசரம்னா அவனுக்கு ஃபோன் போட்டு எழுப்பணும். நாலு தடவை பாத்தோம், அஞ்சாவது தடவை எம்.டபிள்யூ.வா மாத்திட்டோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டு எழுதினா போதும்னு பேச்சு."

இது பொய் இல்லை. நிஜத் தொல்லைதான். ஆனா என் பதில் இதுதான். எம் அன்னிக்கு உங்களை நிறுத்தினது அதோட கோளாறு இல்லை, அதோட வேலையே அதுதான். அது ஒரு ஃபோன் கால் செலவு வச்சுச்சு. எம்.டபிள்யூ. அந்த ஃபோன் காலை மிச்சம் பிடிச்சுக் குடுத்து, பதிலுக்கு ஒரு நாள் டிஸ்க்கையே கேட்டுச்சு. எவன் பிடிச்சிருக்கான்னு தெரிய க்வெரி லிங்க்ஸ்னு ஒரு கமாண்ட் போதும், பேரு வந்துடும். ஆள் வரலேன்னா அந்த மெஷினை லாகாஃப் பண்ண வைக்கிற அதிகாரம் ஆபரேட்டர்கிட்ட இருக்கு. கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். ஆனா அதைச் செய்யும்போது என்ன செய்யறோம்னு தெரிஞ்சே செய்வீங்க. எம்.டபிள்யூ.வுல தெரியாமலே நடந்துடுது.

"சொல்லிட்டு எழுதினா போதும்"ங்கிறது ஆறு பேர் ஒரே ரூம்ல உக்காந்த காலத்துக்குச் சரி. மூணு ஷிப்ட், ரெண்டு நாடு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாறுற ஆளுங்கன்னு ஆன பிறகு அது வெறும் வாய்வார்த்தை. புதுசா வந்த தம்பிக்கு அந்தப் பேச்சை யாரும் சொல்லவே இல்லை. ப்ரொஃபைல் எக்ஸெக்கை மட்டும் காப்பி பண்ணிக் குடுத்தாங்க.

எம்.டபிள்யூ.வே கூடாதுன்னு நான் சொல்லலை, கவனிங்க. தனக்குள்ள பூட்டுப் போடத் தெரிஞ்ச கெஸ்ட்டுகளுக்கு அது வேணும். ரெண்டு இசட்/ஓஎஸ் கெஸ்ட் ஒரு டிஸ்க்கைப் பகிரும்போது ரிசர்வ், ரிலீஸ்னு டிஸ்க்கைப் பிடிச்சு விடுற முறை அதுங்களுக்குத் தெரியும். டைரக்டரியில மோடுக்குப் பின்னாடி ஒரு வி சேர்த்து எம்.டபிள்யூ.வி.ன்னு போட்டா, அந்த ரிசர்வ் ரிலீஸை விர்ச்சுவல் மெஷின்களுக்கு நடுவுல சிபியே நடிச்சுக் காட்டும். லினக்ஸ்ல ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 மாதிரி கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் இருந்தா அதுவும் சரி. அவங்க நோட்டுக்குள்ள அவங்களே டோக்கன் போட்டுக்கிறாங்க. சிஎம்எஸ் மினிடிஸ்க்குக்கும், சாதா ஈஎக்ஸ்டி4 போட்ட லினக்ஸ் டிஸ்க்குக்கும் அந்த டோக்கன் கிடையாது. அங்க எம்.டபிள்யூ. கேக்குறது ஒரே உறையில ரெண்டு கத்தியைச் சொருகுற வேலை.

சரி, என்னதான் பண்ணணும்?

ஒண்ணு. பாஸ்வேர்டை நம்பாதீங்க. மினிடிஸ்க்குக்கு மூணு பாஸ்வேர்ட் வைக்கலாம்: படிக்க, எழுத, மல்டிபிள். மூணாவது பாஸ்வேர்ட் தெரிஞ்சா எம்மும் கிடைக்கும், எம்.ஆரும் கிடைக்கும், எம்.டபிள்யூ.வும் கிடைக்கும். எம் மட்டும் போதும்னு பிரிச்சுக் குடுக்க பாஸ்வேர்டால முடியாது. பாதுகாப்பான மோடுக்கும் ஆபத்தான மோடுக்கும் ஒரே சாவி. போதாக்குறைக்கு அந்த இடத்துல ஆல்னு எழுதி வச்சா பாஸ்வேர்டே கேக்காது. படிக்கிற பாஸ்வேர்டுக்கு ஆல் போடுறது சகஜம். மூணாவதுக்கு ஆல் போட்டிருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க.

ரெண்டு. ராக்எஃப் மாதிரி ஒரு செக்யூரிட்டி மென்பொருள் இருந்தா அதைப் பயன்படுத்துங்க. அதுல இந்தப் பிரிவினை சுத்தமா இருக்கு. ரீட்னா ஆர், ஆர்.ஆர். அப்டேட்னா டபிள்யூ, டபிள்யூ.ஆர். கன்ட்ரோல்னா எம், எம்.ஆர். ஆல்டர் குடுத்தாத்தான் எம்.டபிள்யூ. மனுச ஐடிக்கு கன்ட்ரோலுக்கு மேல குடுக்காதீங்க. இந்த ஒரு வரி வேலையை மட்டும் செஞ்சிருந்தா அந்தத் தம்பி பேரு எந்த டாக்குமென்ட்லயும் வந்திருக்காது.

மூணு. ப்ரொஃபைல் எக்ஸெக்ல ஆர்.ஆர். மட்டும் போடுங்க. எழுதணும்னா ஒரு குட்டி ஸ்கிரிப்ட்: எம்முல லிங்க் பண்ணு, கிடைக்கலேன்னா நின்னுடு, கிடைச்சா ஆக்சஸ் பண்ணி, காப்பி பண்ணி, உடனே டிடாச் பண்ணிடு. லிங்க்கைப் பிடிச்சிருக்கிறது அரை நிமிசம்தான், அந்த அண்ணன் சொன்ன நடுராத்திரி ஃபோன் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துடும். இதுக்கு எம்.ஆர். போடாதீங்க. அது கிடைக்கலேன்னா படிக்கிற லிங்க்கைக் குடுத்துட்டு ஒரு மெசேஜ் மட்டும் சொல்லும். ரிட்டர்ன் கோடைப் பாக்காத ஸ்கிரிப்ட் எழுத வந்த இடத்துல முழிச்சிக்கிட்டு நிக்கும்.

நாலு. படிக்கிறவங்களையும் கவனிக்கணும். ஆர்.ஆர்.ல இருக்கிறவர்கிட்ட இருக்கிறது பழைய பட்டியல். எழுதினவர் பழைய பிளாக்கைக் காலி பண்ணி அதுல வேற எழுதியிருந்தா, படிக்கிறவருக்கு வர்றது குப்பை. திரும்ப ஆக்சஸ் பண்ணினாத்தான் புதுக் கணக்கு தெரியும். அதனால அடிக்கடி மாறுற சரக்கை நேரடியா உற்பத்தி டிஸ்க்ல மாத்தாம, வேற டிஸ்க்ல தயார் பண்ணி, வேலை இல்லாத நேரத்துல மாத்தி விடுறது நல்லது. இல்லேன்னா எஸ்எஃப்எஸ்னு, ஷேர்டு ஃபைல் சிஸ்டம் இருக்கு, 80களோட கடைசியிலேருந்து இருக்கு. அதுல டிஸ்க்கை ஒரு சர்வர் வச்சிருக்கும், ஃபைல் அளவுல பூட்டு இருக்கும். பல பேர் எழுதியே ஆகணும்னா போக வேண்டிய இடம் அதுதான்.

கிளவுட் மக்களுக்கு

ஆப்பு இருக்குன்னு சொன்னேன் இல்லையா. வாங்க.

குபர்னெட்டிஸ்ல வால்யூம் கேக்கும்போது ரீட்ரைட்ஒன்ஸ், ரீட்ஒன்லிமெனி, ரீட்ரைட்மெனின்னு எழுதுறீங்களே, அது டபிள்யூ, ஆர், எம்.டபிள்யூ.வோட தூரத்துச் சொந்தம். ரீட்ரைட்ஒன்ஸ்ல ஒன்ஸ்னு இருக்கிறதைப் பாத்து ஒரே ஒரு பாட்தான் எழுதும்னு நினைக்கிறவங்க எத்தனை பேர்! அது ஒரு நோடுக்குத்தான். அதே நோட்ல இருக்கிற ரெண்டு பாட் ஜாலியா ஒரே வால்யூம்ல எழுதலாம். நிஜமாவே ஒரே பாட்னு சொல்ல ரீட்ரைட்ஒன்ஸ்பாட்னு தனியா ஒண்ணு சேர்க்க வேண்டி வந்துச்சு.

அமேசான் ஈபிஎஸ்ல ஒரே வால்யூமைப் பல மெஷின்ல மாட்டுற மல்டி-அட்டாச் 2020ல வந்துச்சு. கூடவே அவங்க சொல்றது: ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் மாதிரி சாதா ஃபைல் சிஸ்டம் போட்டுப் பல இடத்துலேருந்து எழுதாதீங்க, டேட்டா போயிடும். க்யூஈஎம்யூல 2017ல 2.10 பதிப்புலதான் டிஸ்க் இமேஜுக்குப் பூட்டுப் போட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒரே இமேஜை ரெண்டு விர்ச்சுவல் மெஷின்ல எழுத மாட்டினா தானா தடுக்க அதுல ஏற்பாடு இல்லை. பூட்டு வந்த பிறகும் அதைத் தாண்டிப் போக ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை கூகுள்ல தேடி எடுத்து, "எர்ரர் போயிடுச்சு, நன்றி"ன்னு போற ஆளுங்களையும் நான் பாத்திருக்கேன். அந்த எர்ரர்தாங்க உங்களைக் காப்பாத்த வந்த சாமி.

பேரு மாறுது, பொட்டி மாறுது, கணக்குப்பிள்ளை கதை மாறலை. வாசல்ல நிக்கிற ஹைப்பர்வைசருக்கு நோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனால "எவன் இருந்தாலும் எழுத விடு"ங்கிற அனுமதியைக் குடுக்கும்போது, உள்ள டோக்கன் போடுற ஆள் இருக்கானான்னு கேக்க வேண்டியது குடுக்குறவரோட கடமை. டைரக்டரியில கையெழுத்துப் போடுறவரோட கடமை. ராத்திரி ஷிப்ட்ல சொன்ன வேலையைச் செய்யற மூணு மாசத்துத் தம்பியோட கடமை இல்லை.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க டைரக்டரியில எம்.டபிள்யூ.ன்னு தேடிப் பாருங்க. கெஸ்ட்டுகளுக்கு இருந்தா சரி. மனுசங்களுக்கு இருந்தா எத்தனைன்னு எண்ணிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. "இல்லவே இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு என் செலவுல ஒரு காபி.

டிஸ்கி 1: "எங்க டீம்ல எம்.டபிள்யூ. வச்சு பத்து வருசமா ஓடுது, ஒண்ணும் ஆகலை"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். ஹெல்மெட் போடாம பத்து வருசம் ஓட்டினவர் சொல்ற சாட்சியும் இதே மாதிரிதான் இருக்கும். :-)

டிஸ்கி 2: அடுத்த பதிவு இவ்வளவு டெக்னிக்கலா இருக்காது. சத்தியமா. மொக்கை ஒண்ணு ரெடியா இருக்கு.